அழிக்க ஆள் இல்லாத கரும்பலகை

புதிதாகத் தலைமையாசிரியர் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் தம்பிமார்களே, தங்கைமார்களே,

உங்கள் பள்ளிக்கூடங்களுக்கு ரேடியோப் பெட்டி வரப்போகிறதாமே. கேள்விப்பட்டேன். வந்ததும் உங்களில் பாதிப் பேர் அதன்மேல் துணியைப் போர்த்தி மூலையில் வைத்துவிடுவீர்கள். மீதிப் பேர் வகுப்பை அதனிடம் ஒப்படைத்துவிட்டுக் கண்ணயர்வீர்கள். வயதான ஆசிரியர்கள் முகத்தைத் தூக்கி வைத்துக்கொள்வார்கள். நீங்கள் அவர்களைப் பழம்பஞ்சாங்கம் என்று முதுகுக்குப் பின்னால் சொல்வீர்கள். இதையெல்லாம் நான் ஏற்கெனவே பார்த்தாகிவிட்டது. என் காலத்தில் வந்தது ரேடியோப் பெட்டி அல்ல, கரும்பலகை. சிரிக்க வேண்டாம். இன்று உங்கள் சுவரில் அடித்து வைத்த ஆணியைப்போல் கிடக்கிற அந்தப் பலகை, அன்று ஒரு ஊரையே இரண்டு மாதம் தூங்கவிடாமல் செய்தது.

முதல் ஜெர்மன் சண்டைக்குச் சற்று முந்திய காலம். சேரன்மாதேவிக்கு மேற்கே, ஆற்றை ஒட்டிய ஒரு ஊரில் எனக்கு முதல் தலைமையாசிரியர் வேலை. ஊர்ப் பெயர் வேண்டாம், அங்கே எனக்கு இன்னமும் சாப்பாடு போடுகிற வீடுகள் இருக்கின்றன. நான் பாளையங்கோட்டைக் கிறிஸ்தவன். ஊரில் நானும் என் மனைவியும் தவிர வேறு கிறிஸ்தவர் இல்லை. பள்ளிக்கூடத்தில் என்னைச் சேர்த்து நான்கு ஆசிரியர்கள். அவர்களில் மூத்தவர் ஆறுமுகம் பிள்ளை. சின்ன வகுப்பு அவருடையது. பயிற்சிப் பள்ளிக்கூடத்தின் வாசலைக்கூட மிதித்ததில்லை. ஆனால் அவர் மணலில் விரல் பிடித்து எழுத வைத்த பிள்ளைக்கு எழுத்து மறந்து நான் பார்த்ததில்லை.

அந்த விரலும் மணலும்தான் அவருக்கு வினையாக வந்தன. முந்தின பரீட்சைக்கு வந்த இன்ஸ்பெக்டர், 'அடுத்த முறை நான் வரும்போது இவர் கரும்பலகையில் பாடம் நடத்த வேண்டும். இல்லையென்றால் இவரை வைத்துக்கொள்ள முடியாது' என்று என்னிடம் கண்டிப்பாகச் சொல்லிவிட்டுப் போனார். ஆறுமுகம் பிள்ளைக்குப் பள்ளிக்கூடத்தை விட்டால் வேறு பிழைப்பு கிடையாது. எனக்கும் அவரை விட்டால் சின்ன வகுப்புக்கு நாதி கிடையாது.

அந்த வருஷம் புரட்டாசிக் கடைசியில் பலகை ரயிலில் வந்து, மாட்டு வண்டியில் ஏறி, பள்ளிக்கூடத்துக்கு வந்து சேர்ந்தது. கூடவே ஒரு பெட்டி சீமைச் சுண்ணாம்புக் கட்டி. ஊர்ப் பெரியவர் ஒருவர் அதில் ஒரு கட்டியை வாங்கிப் பார்த்தார், சுரண்டினார், வெற்றிலையில் தடவி வாயில் போட்டுக்கொண்டார். சற்று நேரம் மென்றுவிட்டு, "சீமைக்காரன் வெத்தல போடாததுக்கு இப்பந்தான காரணம் தெரியுது" என்று சொல்லித் துப்பினார். அதோடு ஊரின் பரிசோதனை முடிந்தது.

ஆறுமுகம் பிள்ளைக்குப் பலகையின்மேல் வெறுப்பு என்று நினைத்துவிடாதீர்கள். அங்கேதான் நீங்கள் எல்லோரும் தப்புக் கணக்குப் போடுவீர்கள். மனிதருக்கு அதன்மேல் ஆசை பொங்கியது. அவ்வளவு கறுப்பை, அவ்வளவு வெள்ளையை அவர் ஒருசேரப் பார்த்ததில்லை. கையால் தடவித் தடவிப் பார்த்தார். "ஸார்வாள், இதுல எழுதுனா கடைசி வரிசைப் பயலுக்கும் தெரியுமே" என்றார். நான் மனத்துக்குள் ஸ்தோத்திரம் சொல்லிக்கொண்டு நவராத்திரி விடுமுறைக்குப் பாளையங்கோட்டை போய்விட்டேன்.

திரும்பி வந்து பார்க்கிறேன். பலகைக்குச் சந்தனம், குங்குமம், செவ்வந்தி மாலை. மேலே அழகான கையெழுத்தில் 'சரஸ்வதி துணை'. அதன் கீழே வரிசையாக ஐந்து 'அ'. ஒன்று குண்டாக, ஒன்று சாய்ந்து, ஒன்று கால் மடங்கிப் படுத்த ஆட்டுக்குட்டி மாதிரி.

நடந்தது இதுதான். விஜயதசமி அன்று புதுப் பிள்ளைகளுக்கு எழுத்து ஆரம்பிப்பது வழக்கம். எப்போதும் தாம்பாளத்தில் பச்சரிசி பரப்பி, அதில் பிள்ளையின் விரலைப் பிடித்து எழுத வைப்பார்கள். அந்த வருஷம் ஆறுமுகம் பிள்ளை புதுப் பலகை ஆசையில், அரிசி வேண்டாம் என்று சொல்லிவிட்டு, பிள்ளைகளைத் தூக்கிப் பிடித்துப் பலகையிலேயே முதல் எழுத்தை எழுத வைத்திருக்கிறார். ஊரே கூடி நின்று பார்த்திருக்கிறது.

சரி, நல்ல ஆரம்பம் என்றுதான் நானும் நினைத்தேன். "அண்ணாச்சி, நாளைக்கு அதைத் துடைச்சிட்டுப் பாடம் எழுதிருங்க" என்றேன்.

அவர் என்னைப் பார்த்த பார்வையில், நான் கோபுரத்தை இடிக்கச் சொன்னவன் ஆகிவிட்டேன்.

"பூசையில வச்ச எழுத்த அழிக்கதா, ஸார்வாள்? பிள்ளைகளுக்கு மொத எழுத்துல்லா அது."

அடுத்த நாளும் பாடம் மணலில்தான் நடந்தது. பலகை மேலே கொலுவிருந்தது. பிள்ளைகள் வகுப்புக்குள் வரும்போது அதற்கு முன்னால் நின்று கன்னத்தில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தார்கள். பெரிய வகுப்புப் பையன்களும் கணக்குப் பரீட்சைக்கு முன்னால் ஒரு நடை வந்துவிட்டுப் போனார்கள். யாரோ ஒரு அம்மாள் பிள்ளைக்குக் காய்ச்சல் விட்டது என்று சூடம் கொண்டுவந்தாள். தலைமையாசிரியராக வேலைக்குச் சேர்ந்த நான், ஐப்பசி முடிவதற்குள் ஒரு கோயிலுக்குத் தர்மகர்த்தா ஆகிவிட்டேன்.

பலகையைத் திருப்பிப் போட்டுப் பின்பக்கம் எழுதலாமே என்று நீங்கள் முணுமுணுப்பது எனக்குக் கேட்கிறது. நானும் ஆறுமுகம் பிள்ளையிடம் சொல்லிப் பார்த்தேன். "சாமியச் செவுத்தப் பாக்க வைக்கச் சொல்லுதியளா?" என்று கேட்டார். இன்னொரு பலகை வேண்டும் என்று மேலே கேட்டேன். இருப்பதை முதலில் உபயோகிக்கவும் என்று பதில் வந்தது. மேலிடம் என்பது அன்றும் இன்றும் ஒன்றுதான்.

கடைசியில் பொறுமை போய், "அழியுங்க அண்ணாச்சி, நான் சொல்லுதேன்" என்றேன்.

ஆறுமுகம் பிள்ளை கோபப்படவில்லை. "நீங்க மேலதிகாரி. சொன்னா அழிச்சிருதேன். ஆனா ஊர்ல கேட்டா, ஸார்வாள் சொன்னாவன்னுதான் சொல்லுவேன். பொய் சொல்ல எனக்கு வராது" என்றார்.

அவர் மிரட்டவில்லை, உள்ளதைச் சொன்னார். பாளையங்கோட்டையிலிருந்து வந்த வேதக்காரன் சரஸ்வதி பெயரை அழிக்கச் சொன்னான் என்று ஒரு வார்த்தை ஆற்றுப் படித்துறையில் விழுந்தால் போதும். மறுநாள் பெஞ்சுகளுக்கு நான் பாடம் நடத்த வேண்டியதுதான். உத்தரவை வாபஸ் வாங்கிக்கொண்டேன்.

பூசையைவிடப் பெரிய சிக்கல் ஒன்று இருந்தது. அதன் பெயர் ஆவுடையம்மாள். தயிர் விற்கிறவள், பெரிய வாய்க்காரி. அந்த ஐந்து 'அ'வில் கால் மடங்கிய ஆட்டுக்குட்டி அவள் மகன் சொள்ளமுத்து எழுதியது. தினமும் காலையில் தயிர்ப் பானையைத் தலையில் வைத்தபடியே சின்ன வகுப்பு ஜன்னலில் வந்து நிற்பாள். உள்ளே ஒரு பார்வை பார்ப்பாள். எழுத்து இருக்கிறதா என்று நிச்சயம் பண்ணிக்கொண்டு போய்விடுவாள். ஒருநாள் அவளிடம் பேச்சுக் கொடுத்துப் பார்த்தேன்.

"அம்மா, எழுத்து பிள்ளை மனசுல இருந்தாப் போதாதா? பலகையில எதுக்கு?"

"எங்க குடும்பத்துல ஏழு தலமொறைக்கும் எழுத்து கெடையாது, ஐயா. கைநாட்டுதான். எம் மவன்தான் மொத எழுத்து போட்டுருக்கான். என்னால அத வாசிக்க முடியாது, பாக்கத்தான் முடியும். அதப் போயி அழிக்கச் சொல்லுதியளே" என்றாள். குரலை உயர்த்தவே இல்லை.

நியாயத்தை எந்தப் பக்கம் வைப்பது என்றே தெரியவில்லை. அரிசியில் எழுதியிருந்தால் அவளுக்கு அந்த எழுத்து கண்ணில் பட்டிருக்காது. பலகைதான் அவளுக்கு அதைக் காட்டியது. காட்டிய பலகையே இப்போது அதைப் பறிக்கக் கேட்கிறது.

இதற்குள் கார்த்திகை வந்துவிட்டது. மார்கழி முதல் வாரத்தில் இன்ஸ்பெக்டர் வருகிறார் என்று தாக்கலும் வந்தது. நான் ரயிலேறிப் பாளையங்கோட்டை போனேன். அங்கே ஒரு பெண்கள் பள்ளிக்கூடத்துக்குத் தலைமையாசிரியையாக இருந்தவள் என் கொழுந்தியாள். என்னைவிட வயதில் இளையவள். தன் அக்காளைக் கட்டிக்கொண்ட நாளிலிருந்து என்னை ஒரு மனிதனாகவே அவள் மதித்தது கிடையாது. ஆனாலும் எனக்கு வேலையில் சிக்கல் என்றால் கால் தானாக அவள் வீட்டுக்குத்தான் போகும்.

முழுக்கதையையும் கேட்டுவிட்டு முதலில் நன்றாகச் சிரித்தாள்.

"ஏன் அத்தான், பாடம் சொல்லிக் குடுக்கப் போனவிய பலகைக்குப் பூசாரி ஆயிட்டியளாக்கும்?"

"நீ சிரி. அங்கன ஒரு மனுஷனுக்கு வேல போவப்போவுது."

சிரிப்பை நிறுத்திவிட்டாள். தன் பள்ளிக்கூடத்துக்குத் தையல் மிஷின் வந்த கதையைச் சொன்னாள். அங்கே பழைய தையல் டீச்சர் ஒரு மாதம் அந்த மிஷினைத் தொடவில்லையாம். இவள் உத்தரவும் போடவில்லை, கெஞ்சவும் இல்லை. 'எந்தத் தையலை நீங்க மிஷினுக்கு விடமாட்டிய?' என்று மட்டும் கேட்டாளாம். பொத்தான் துளை என்று அந்த டீச்சர் சொல்லியிருக்கிறார். அன்றிலிருந்து பொத்தான் துளை கைக்கு, நீளத் தையல் மிஷினுக்கு என்று தானாகப் பிரிந்துகொண்டது.

"அங்கன பொத்தான் துளை இருந்துச்சு. இங்கன என்ன இருக்கு?" என்று கேட்டேன்.

"அழிக்கக் கூடாதுன்னா சொல்லுதாவ? அழிச்சா அது எங்க போவும்னு கேக்காவ. உங்ககிட்ட பதில் இருக்கா அத்தான்?"

"இல்ல."

"எங்கிட்டயும் இல்ல. நம்ம ரெண்டு பேரும் வேதக்காரங்க, நமக்கு எப்படித் தெரியும்? அவியகிட்டயே கேளுங்க. கேட்டுட்டு வாய மூடிக்கிட்டு இருக்கணும். அதுதான் உங்களால ஆவாதுன்னு எங்கக்கா சொல்லியிருக்கா."

ஊர் திரும்பியதும் ஆறுமுகம் பிள்ளையைத் தனியாகப் பிடித்தேன். "அண்ணாச்சி, ஒண்ணு தெரிஞ்சுக்கிடணும். முன்னால எல்லாம் அரிசியில எழுதுவிய. அந்த எழுத்து எங்க போவும்?"

"பொங்கிப் பிள்ளைக்குத்தான் குடுப்போம். எழுத்து உள்ள போயிரும்லா" என்றார்.

அதற்கு மேல் நான் பேசவில்லை. நாக்கு அரித்தது. 'அப்படியானால் சீமைச் சுண்ணாம்பையும்...' என்று ஏதாவது உளறத் துடித்தது. பல்லைக் கடித்துக்கொண்டு வெளியே வந்துவிட்டேன். ஒரு நாள் போயிற்று, ஒரு வாரம் போயிற்று. அவர் பலகையைப் பார்ப்பார், தாடியைச் சொறிவார், மணலில் உட்கார்ந்து பாடம் சொல்லுவார். நான் ராத்திரியும் பகலும் ஜெபம் பண்ணினேன், என் வாய் திறந்துவிடக் கூடாதே என்று.

இன்ஸ்பெக்டர் சொன்னபடியே சொன்ன நாளில் வந்தார். ஆற்றங்கரைச் சாலையில் சைக்கிளில் வந்து இறங்கினார். கறுப்புக் கோட்டு, மூக்குக் கண்ணாடி, அவசரம். நேராகச் சின்ன வகுப்புக்குத்தான் போனார். பலகையைப் பார்த்தார். காய்ந்த மாலையைப் பார்த்தார். "இது பள்ளிக்கூடமா, பஜனை மடமா?" என்றார்.

செய்தி எப்படியோ பரவியிருந்தது. ஜன்னல் நிறையப் பெண்கள். முன்னால் தயிர்ப் பானையோடு ஆவுடையம்மாள்.

"வெயில்ல வந்திருக்கீங்க. முதல்ல ஒரு இளநீர்..." என்று ஆரம்பித்தேன்.

"இளநீர் குடிக்க நான் வரவில்லை. இவர் இந்தப் பலகையில் ஒரு கணக்கு நடத்த வேண்டும், இப்போது. முடியாதென்றால் சொல்லிவிடுங்கள், எழுதிக்கொண்டு போகிறேன்" என்றவர், மேஜைமேல் கிடந்த துணியை எடுத்துக்கொண்டு அவரே பலகையிடம் போனார்.

தம்பிமார்களே, இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். அவர் அழித்தால் என் தலைவலி தீர்ந்தது. பழி அவரோடு சைக்கிள் ஏறிப் போய்விடும். அவர் ஐயர், அவர் அழித்தால் வேதக்காரன் அழித்தான் என்று ஊர் என்னைச் சொல்லாது. ஆறுமுகம் பிள்ளையும் கணக்கைப் போட்டு வேலையைக் காப்பாற்றிக்கொள்வார். எல்லாம் சௌகரியம். ஆனால் அதன் பிறகு அந்தப் பலகை யாருடையது? இன்ஸ்பெக்டருடையது. அவர் வருகிற நாளில் மட்டும் அதில் எழுதுவார்கள். ஆவுடையம்மாளின் மகன் எழுத்தைப் பிடுங்கிய பலகை என்று அதற்குப் பெயர் நிலைத்துவிடும்.

இவ்வளவையும் அப்போது நான் யோசித்தேன் என்று சொன்னால் பொய். கை முந்திக்கொண்டது. மேலதிகாரியின் கையிலிருந்த துணியைப் பிடித்து வாங்கிவிட்டேன். அவர் திகைத்து நிற்கும்போதே அதை ஆறுமுகம் பிள்ளையிடம் நீட்டினேன்.

"அண்ணாச்சி, இது உங்க பலகை."

அவ்வளவுதான் சொன்னேன். வாயை மூடிக்கொண்டேன். என் வாழ்க்கையில் நான் பேசாமல் இருந்த நேரங்களில் அதைப்போல நீண்ட நேரம் வேறில்லை.

ஆறுமுகம் பிள்ளை துணியை வாங்கவில்லை. தன் தோளில் கிடந்த துண்டை எடுத்தார். உதறினார். பலகைமுன் நின்று கும்பிட்டார். பிறகு திரும்பி, "ஏலே சொள்ளமுத்து, இங்க வா" என்றார்.

பையன் வந்தான். அவன் எழுதிய எழுத்தைத் துண்டின் ஒரு முனையால் பையத் துடைத்தார். முனையில் வெள்ளைப் பொடி ஒட்டியிருந்தது. அதை விரலால் எடுத்து, பையன் நெற்றியில் திருநீறு இடுவதுபோல் அழுத்திப் பூசினார்.

"உன் எழுத்து உங்கிட்டயே வந்துட்டுலே. இனி ஒருத்தனும் அழிக்க முடியாது. போ, போயி உக்காரு."

ஒவ்வொரு பிள்ளையாகக் கூப்பிட்டார். ஐந்து எழுத்தும் ஐந்து நெற்றிக்குப் போயின. கடைசியில் மேலே 'சரஸ்வதி துணை' மட்டும் நின்றது. அதையும் துடைத்தார். பொடியோடு என்னிடம் வந்தார். என் வெறும் நெற்றியைப் பார்த்தார். வாங்கினால் என் சபையார் கேட்பார்கள், வாங்காவிட்டால் இந்த ஊர் கேட்கும்.

"உங்க நெத்திக்கு வழக்கமில்ல. கைய நீட்டுங்க ஸார்வாள்" என்று உள்ளங்கையில் வைத்தார்.

அந்த மனிதருக்கு நான் மேலதிகாரியாம். நினைத்தால் இப்போதும் வெட்கமாகவும் சந்தோஷமாகவும் இருக்கிறது.

அப்புறம் கணக்கு நடந்தது. முதலில் எழுதியபோது வரி கீழ்நோக்கிச் சரிந்தது, அடுத்த வரி நிமிர்ந்துகொண்டது. கடைசி வரிசைப் பையன் எழுந்து விடை சொன்னான். இன்ஸ்பெக்டர் அதைத் தன் குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். புறப்படும்போது, "இவரை விட்டுவிடாதீர்கள்" என்று என்னிடம் சொல்லிக் கை கொடுத்தார். நானும் உள்ளங்கைப் பொடியை மறந்துபோய்க் கை கொடுத்தேன். போதாக்குறைக்கு மரியாதையாக முதுகில் கை வைத்து வாசல்வரை வழியனுப்பினேன். கறுப்புக் கோட்டில் ஐந்து விரலும் வெள்ளையாகப் பதிந்திருக்க, மனிதர் சேரன்மாதேவிவரை சைக்கிளில் போனார். சரஸ்வதி அவருக்கும் துணையாக இருந்திருப்பாள். பின்னாளில் நல்ல உத்தியோகத்துக்குப் போனார்.

இதிலிருந்து பாடம் என்னவென்று நோட்டில் எழுதிக்கொள்ளப் பேனாவைத் திறந்திருப்பீர்கள். என்னிடம் இருப்பது கொஞ்சம்தான். புதுச் சாமானைக் கண்டு தயங்குகிறவனை மட்டி என்று முடிவு கட்டாதீர்கள். பாதி நேரம் அவன் உங்களைவிட அதன்மேல் ஆசைப்பட்டவனாக இருப்பான். அவன் கையைவிட்டு என்ன போகிறது என்று கேளுங்கள், கேட்ட பிறகு சும்மா இருங்கள். உத்தரவு போட்டால் வேலை நடக்கும், ஆனால் அன்று ஒருநாள்தான் நடக்கும். உங்கள் மேலதிகாரி உங்களுக்காகப் பழியைச் சுமக்க முன்வந்தால் சந்தோஷப்பட்டுவிடாதீர்கள். அவர் பழியோடு பள்ளிக்கூடத்தையும் சேர்த்து எடுத்துக்கொண்டு போய்விடுவார். சும்மா இருக்க முடியாதவர்கள் ஒரு கொழுந்தியாளைத் தேடிக்கொள்ளுங்கள்.

ஆவுடையம்மாளைப் பற்றி நீங்கள் கேட்கவில்லை. அன்று அவள் ஒரு வார்த்தையும் பேசாமல் பானையைச் சரிபண்ணிக்கொண்டு போய்விட்டாள். எனக்கு அதுதான் பயமாக இருந்தது. ஊரிலேயே வாய் உள்ளவள் பேசாமல் போனால் அதற்கு என்ன அர்த்தம் என்று என் மனைவியிடம் கேட்டுக்கொண்டே இருந்தேன். இரண்டு நாள் ஜன்னலுக்கும் அவள் வரவில்லை.

மூன்றாம் நாள் காலையில் பள்ளிக்கூடத்துக்குள்ளேயே வந்துவிட்டாள். தலையில் பானை இல்லை. கையில் ஒரு பெண்பிள்ளை. தலையில் எண்ணெய் வழிய, கிழிசல் தைத்த பாவாடை. அந்தப் பள்ளிக்கூடத்தில் அதுவரை அவர்கள் தெருவிலிருந்து ஒரு பெண்பிள்ளை காலெடுத்து வைத்ததில்லை.

"இவ சொள்ளமுத்துக்குத் தங்கச்சி, பேச்சி" என்றாள். என்னிடம் சொல்லவில்லை, ஆறுமுகம் பிள்ளையிடம்தான். "இவளுக்கும் ஒரு எழுத்து போட்டு, அழிச்சு, நெத்தியில வச்சு விடுங்க, ஐயா."

ஆறுமுகம் பிள்ளை என்னைப் பார்த்தார். நான் வாயைத் திறக்கவில்லை. அப்போது மார்கழி மாதம். ஊரில் எந்த நல்ல காரியமும் தொடங்காத மாதம். பஞ்சாங்கம் பார்க்காமல் தலைமுடிகூட வெட்டிக்கொள்ளாத மனிதர் அவர். குனிந்து அந்தப் பிள்ளையைத் தூக்கிப் பலகைக்கு நேராகப் பிடித்து, அவள் விரலுக்குள் சீமைச் சுண்ணாம்பை வைத்து, "பைய எழுது தாயீ, தப்பாப் போனா அழிச்சிக்கிடலாம்" என்றார்.